தொட்டிக்குக் கீழே ஒரு தொட்டி

மே 4, ஞாயிறு

கோமதி வந்திருக்கிறாள். மதுரையிலிருந்து ஒரு மினி லாரியில்.

புருஷன் வீட்டிலிருந்து கோபித்துக்கொண்டு வருகிற பெண் என்ன கொண்டுவருவாள்? நகை, பீரோ, நாங்கள் சீராகக் கொடுத்த பித்தளை அண்டா, இப்படி ஏதாவது. என் மகள் கொண்டுவந்தது ஆறடி நீள மீன் தொட்டி. அதை வைக்க ஓர் இரும்பு ஸ்டாண்டு. நான்கு நீல டிரம்களில் மீன்கள். ஈரச் சாக்கில் சுற்றிய செடிகள். உடுத்துகிற துணிக்குத் தோளில் ஒரே ஒரு பை. பாளையங்கோட்டையில் எங்கள் தெரு முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. நாலு ஆள் சேர்ந்து தொட்டியை இறக்கும்போது எதிர்வீட்டுக்காரர், "என்ன சார், சாமி சப்பரமா?" என்று கேட்டார். அவருக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அசிங்கமாகியிருக்கும்.

என் சாய்வு நாற்காலியை நகர்த்திவிட்டு ஹாலில் தொட்டியை வைத்தார்கள். என்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் மனைவி பகவதி, "அங்க வைங்க" என்றாள், அவ்வளவுதான்.

மே 5, திங்கள்

ஆறுக்கு இரண்டுக்கு இரண்டடி. விளிம்புவரை நிரப்பினால் அறுநூற்று எண்பது லிட்டர். நகராட்சிக் குடிநீர்ப் பிரிவில் முப்பத்து நான்கு வருஷம் குழாய் ஆய்வாளராக இருந்தவன் நான். தண்ணீரைப் பார்த்தால் மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும். இத்தனை தண்ணீரையும் சுத்தம் செய்ய ஒரு ஃபில்டர் வேண்டுமே, அது எங்கே என்று கேட்டேன். சமையல்கட்டு டப்பா மாதிரி ஒன்று முன்பு இருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

"அங்கயே இருக்குப்பா. அவர் எடுத்து வச்சிக்கிட்டாரு" என்றாள்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. தொட்டி இல்லை, மீன் இல்லை, ஃபில்டரை மட்டும் வைத்துக்கொண்டு அந்த ஆள் என்ன செய்யப் போகிறான்? அதில் சாம்பாரா வடிகட்டப் போகிறான்? இவ்வளவு அற்பமான மனுஷனை என் சர்வீஸில் பார்த்ததில்லை. குழாய்க்கு மோட்டார் போட்டுத் தெருத் தண்ணீரைத் திருடுகிறவன்கூடத் தன் உபயோகத்துக்குத்தான் திருடுவான்.

சாயங்காலம் குற்றாலிங்கம் அத்தான் ஃபோன் செய்தார். பகவதியின் அண்ணன். இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்தவரும் அவர்தான். ஃபில்டர் விஷயத்தை எடுத்து அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டேன். அவர் நிதானமாக, "பிள்ளை ஏதோ கோவத்துல வந்திருக்கா, பத்து நாள் இருந்துட்டு வரட்டும், பேசி அனுப்பிருவோம்" என்றார். சரி என்றேன். போன ஆகஸ்டிலும் இப்படித்தான் ஒரு பையோடு வந்தாள். அன்றைக்குச் சாயங்கால பஸ்ஸிலேயே ஏற்றி அனுப்பினேன். ஒரு தகப்பன் அப்படித்தான் இருக்க வேண்டும். அது வேறு விஷயம். ஃபில்டர் வேறு விஷயம். ஃபில்டரை என்னால் மன்னிக்க முடியாது.

மே 7, புதன்

கடையில் புது ஃபில்டர் வாங்க மாட்டேன். அந்த ஆளின் புத்தி தெரியாமல் போன ஒரு குடும்பத்துக்கு, குழாய் வேலை தெரியாமல் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. நானே செய்கிறேன் என்றேன்.

"அப்ப சம்ப் கட்டலாம்ப்பா" என்றாள் கோமதி.

எனக்குச் சம்ப் என்றால் வீட்டு முற்றத்தில் தோண்டிச் சிமெண்டு பூசுவது. இவள் சொல்வது வேறு. பெரிய தொட்டிக்கு அடியில், ஸ்டாண்டுக்குள், சின்னதாக ஒரு கண்ணாடித் தொட்டி. மேலே இருந்து தண்ணீர் வழிந்து கீழே வரும். முதல் அறையில் பஞ்சு, அதில் அழுக்கு நிற்கும். இரண்டாவது அறையில் நல்ல கிருமிகள் குடியிருக்க ஏதாவது பொருள். மூன்றாவது அறையில் மோட்டார், அது சுத்தத் தண்ணீரை மேலே ஏற்றும். கேட்டதும் எனக்குப் பிடித்துப்போயிற்று. ஒரு ஊருக்கே குடிநீர் கொடுக்கும் வேலையை ஹாலில் நடத்துவதுதானே. பழைய காலண்டரின் பின்பக்கத்தில் இருவரும் படம் போட்டோம். எம்.எஸ்ஸி. தாவரவியல் படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் கல்லூரி ஆய்வகத்தில் வேலை பார்த்தாள். கோடு இன்னும் நேராகத்தான் போடுகிறாள்.

இரண்டு விஷயம் கேட்டாள். மேலேறும் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு ஐந்து அங்குலம் கீழே இருக்க வேண்டும். மேலே கொட்டினால் செடிக்கு வேண்டிய வாயு தண்ணீரிலிருந்து பறந்துவிடுமாம். நியாயம், ஒப்புக்கொண்டேன். இரண்டாவது, அதே குழாயில் நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே சின்னதாக ஓர் ஓட்டை போட வேண்டுமாம். கரண்டு போனால் மேல் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகக் கீழே திரும்பி இறங்கும். மட்டம் ஓட்டைக்கு வந்ததும் காற்றை இழுத்து நின்றுவிடும்.

நல்ல குழாயில் ஓட்டை! முப்பத்து நான்கு வருஷம் ஊரெல்லாம் ஓட்டையை அடைத்தவனிடம் வந்து ஓட்டை போடச் சொல்கிறாள். அதற்குத்தான் 'நான்-ரிட்டர்ன்' வால்வு என்று ஒன்று இருக்கிறது, தண்ணீர் மேலே போகும், திரும்பி வராது என்றேன். "இலைத்துண்டு மாட்டும்பா, இது செடித் தொட்டி" என்றாள். முக்கால் மணிநேரம் வாதாடினாள். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மே 9, வெள்ளி

கண்ணாடிக் கடைக்காரன் ஒன்றரை அங்குலம் குறைத்து வெட்டிவிட்டு, "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க" என்கிறான். கண்ணாடி என்ன, காலர் பட்டனா?

மே 10, சனி

கண்ணாடி திருத்தி வந்தது. சிலிகான் போட்டு ஒட்டினோம். இருபத்து நாலு மணிநேரம் தொடக் கூடாது.

இந்தப் பெண்ணுக்கு என்ன ஆயிற்று என்று புரியவில்லை. ஃப்ரிட்ஜைத் திறக்கலாமா என்று அம்மாவிடம் கேட்கிறாள். தொட்டி விளக்கைப் போடலாமா என்று என்னிடம் கேட்கிறாள். உன் தொட்டி, உன் விளக்கு, என்னிடம் என்ன கேள்வி என்று சத்தம் போட்டேன். அதற்கும் "சரிப்பா, இனிமே கேக்கல" என்று சொல்லிவிட்டுப் பயந்த மாதிரி உள்ளே போய்விட்டாள். அக்கினி நட்சத்திர வெயிலில் முழங்கை மறைகிற சட்டை போட்டுக்கொண்டு திரிகிறாள். மத்தியானம் என் கையிலிருந்து பைப் ரிஞ்ச் நழுவித் தரையில் விழுந்தது. அவள் சுவரோடு ஒட்டிப்போய் நின்றுவிட்டாள். ரிஞ்ச் விழுந்த தரை அப்படியே இருக்கிறது, ஆள் வெளிறிப் போய்விட்டாள்.

பெரிய தொட்டியின் இடது மூலையில் உள்பக்கமாக ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டியிருக்கிறார்கள். அடியில் விரிசல். லாரியில் வரும்போது பட்டது என்றாள். லாரிக்காரர்களுக்குக் கண் கிடையாது. ஆனால் அந்த ஒட்டின சிலிகான் மஞ்சளடித்திருக்கிறது. ஒரு வாரத்தில் மஞ்சளடிக்காது. அதற்குப் பல மாதம் ஆகும்.

மே 13, செவ்வாய்

ஃபில்டர் இல்லாததால் மூன்று மீன் செத்துவிட்டது. கோமதி காலையும் மாலையும் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்றுகிறாள். அந்த ஆளை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது. மதுரைக்கே ஃபோன் போட்டு, "ஃபில்டரைக் கொடுக்கப் போகிறீரா இல்லையா" என்று கேட்டேன். மாப்பிள்ளை செந்தூர்நாதன் மிகவும் மரியாதையாக, "கோமதி வந்து எடுத்துக்கட்டும் மாமா" என்றார். மரியாதையாகப் பேசுகிறவனிடம் சண்டை போடுவது எவ்வளவு கஷ்டம்.

பகவதி ஒரு வாரமாக என்னோடு சரியாகப் பேசுவதில்லை. இன்றைக்குத் தட்டை வைத்துவிட்டு, "நீங்க அவகிட்ட எதையாவது கேட்டீயளா?" என்றாள். ஏன் கேட்காமல், ஒரு இஞ்ச் குழாயா முக்கால் இஞ்சா என்று காலையில்தான் கேட்டேன் என்றேன். எழுந்து போய்விட்டாள். நான் என்ன தப்பாகச் சொன்னேன்?

மே 16, வெள்ளி

நல்ல கிருமிகள் குடியிருக்கக் கடையில் விற்கும் பீங்கான் வளையத்துக்குப் பதில், பாத்திரம் தேய்க்கும் பிளாஸ்டிக் நார் போதும் என்று கோமதி சொன்னாள். மளிகைக் கடையில் சரம் சரமாகத் தொங்கியதை எல்லாம் வாங்கிவந்துவிட்டேன். கடைக்காரர் வீட்டில் விசேஷமா என்று கேட்டார்.

சாயங்காலம் முதல் தடவை தண்ணீர் விட்டுப் பார்த்தோம். இறங்கும் குழாயில் கொடகொடவென்று சத்தம். வெற்றி என்று நான் கை தட்டினேன். அவள் காதைப் பொத்திக்கொண்டு, "சத்தம் வேண்டாம்ப்பா, சத்தம் இல்லாம பண்ணுங்க" என்றாள். பிறகு தன்னைச் சரிசெய்துகொண்டு, சத்தம் வந்தால் காற்று கலக்கிறது என்று அர்த்தம், செடிக்கு ஆகாது என்று காரணம் சொன்னாள். இரண்டாவது காரணம் எனக்குத் தேவைப்படவில்லை. முதலில் சொன்னதற்கே செய்திருப்பேன்.

மே 20, செவ்வாய்

இறங்கும் குழாயில் ஒரு கேட் வால்வு போட்டு, திருகித் திருகி, குழாயின் வாயைக் கீழ்த் தொட்டித் தண்ணீருக்குள் இறக்கினேன். சத்தம் நின்றுவிட்டது. மோட்டார் ஓடுகிறதா என்று கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு சொட்டு ஒழுக்கு இல்லை. இதைச் செய்தவன் யார் என்று யாராவது கேட்க வேண்டும், கேட்கத்தான் ஆளில்லை.

கரண்டை நிறுத்திச் சோதனையும் செய்தேன். வால்வு படக்கென்று மூடிக்கொண்டது. மேல் தொட்டி மட்டம் இம்மி குறையவில்லை. பார்த்தாயா என்றேன். கோமதி பார்த்தாள். பிறகு, "இருந்தாலும் அந்த ஓட்டை..." என்று ஆரம்பித்தாள். இவளுக்குத் தகப்பன் மேல் நம்பிக்கை என்பதே கிடையாது.

மத்தியானத்துக்கு மேல் கலங்கல் தெளிந்து, பின்னால் ஒளிந்துகொண்டிருந்த மீன்கள் கூட்டமாக முன்பக்கம் வந்தன. கோமதி தரையில் உட்கார்ந்து கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். நான் குழாய் வளைவின் எல்போவைச் சோதிக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

மே 24, சனி

குற்றாலிங்கம் அத்தான் நேரில் வந்தார். ஜூன் எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளையைக் கூட்டி வருகிறாராம். பேசி முடித்து அன்றைக்கே அனுப்பிவிடலாம் என்றார். தொட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். "அது இங்கயே இருக்கட்டுமே மாப்ள, உமக்கும் பொழுது போகும்" என்றார். மூன்று வாரமாக ராப்பகலாக உழைத்தவனிடம் பேசுகிற பேச்சா இது?

கோமதி டீ கொடுத்துவிட்டுக் கதவோரம் நின்றாள். நீ என்ன சொல்கிறாய் என்று கேட்டேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "நீங்க சொல்லுதபடி, அப்பா" என்றாள். அவ்வளவுதான். அரைக்கால் இஞ்ச் ஓட்டைக்கு முக்கால் மணிநேரம் வாதாடியவள், தன் வாழ்க்கைக்கு ஒற்றை வரி. எனக்கு இது ஏன் இவ்வளவு கோபத்தைக் கிளப்புகிறது என்று தெரியவில்லை. சரி என்றுதானே சொன்னாள்.

மே 29, வியாழன்

எல்லாச் செடியும் துளிர்விட்டிருக்கிறது.

ஜூன் 3, செவ்வாய்

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன்.

இன்றைக்கு மாதாந்திரப் பராமரிப்பு, காலை ஒன்பது முதல் கரண்டு இருக்காது என்று பேப்பரிலேயே போட்டிருந்தார்கள். எங்கள் இன்வெர்ட்டர் ஃபேனுக்கும் விளக்குக்கும் மட்டும். எனக்கு ஒரு கவலையும் இல்லை. வால்வு இருக்கிறது. பின்புறம் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கால் மணிநேரம் கழித்துப் பகவதி கூப்பிட்டாள்.

ஹால் முழுக்கத் தண்ணீர். கீழ்த் தொட்டி விளிம்பு வழிந்து, படுக்கையறை வாசல்வரை போயிருந்தது. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒழுக்கைக் கண்டால் கத்துவேன். யாரையும் இல்லை, பொதுவாக. "எவன் செஞ்ச வேலைட்டி இது?" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். செய்தவன் நான்தான், எனக்கே தெரியும். என்னைத்தான் திட்டினேன்.

கோமதி முழங்காலில் உட்கார்ந்து, போட்டிருந்த துப்பட்டாவால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "நாந்தாம்ப்பா. நாந்தான் பாக்காம விட்டுட்டேன். இப்பத் தொடச்சிருதேன். ஒரு நிமிஷம். கோவப்படாதீங்க, தொடச்சிருதேன்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். குரல் அவள் குரலாகவே இல்லை.

துணியை வாங்கலாம் என்று குனிந்து கையை நீட்டினேன்.

அவள் கை சட்டென்று உயர்ந்து தலையை மறைத்துக்கொண்டது. இடது முழங்கை முகத்துக்கு நேரே, கண் மூடி, உடம்பு சுருங்கி. சட்டைக் கை நனைந்து மேலே சுருண்டிருந்தது. அந்தக் கையில் பழைய தழும்பு இரண்டு.

நான் நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றேன். என் வாழ்நாளில் அவளை ஒரு முறைகூட அடித்ததில்லை. அந்தக் கை என்னைத் தடுக்க உயரவில்லை. தலைக்குள் இருந்த கோபமெல்லாம் இறங்கிவிட்டது. பகவதி வந்து அவள் பக்கத்தில் தண்ணீரிலேயே உட்கார்ந்து கட்டிக்கொண்டாள். என்னைப் பார்த்த பார்வையை எழுத மாட்டேன்.

பிறகுதான் கவனித்தேன். மேலேறும் குழாயைக் கோமதி ஏற்கெனவே தண்ணீரை விட்டு மேலே தூக்கிக் கயிற்றால் கட்டியிருந்தாள். அதனால்தான் நூறு லிட்டரோடு நின்றது. வீட்டைக் காப்பாற்றியவள் அவள். காப்பாற்றிவிட்டு மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

வால்வைக் கழற்றிப் பார்த்தேன். தகட்டுக்கடியில் நகம் அளவு ஓர் இலைத்துண்டு.

ஜூன் 4, புதன்

கேட்டேன்.

அவள் தொட்டிக்குள் கையை விட்டுச் செடி கத்தரித்துக்கொண்டிருந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்றேன். கையில் வேலை இருந்ததால் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். வேலையை விடச் சொன்னது, ஃபோனை வாங்கி வைத்துக்கொண்டது, கடைக்குப் போய்வர எத்தனை நிமிஷம் என்று கடிகாரம் பார்த்தது. எல்லாவற்றையும் ஒரே குரலில் சொன்னாள். அந்த மூலை விரிசல் எப்படி என்று கேட்டேன்.

"செம்பை எடுத்து எறிஞ்சாரு. நான் விலகிட்டேன். தொட்டில பட்டுட்டு."

எப்போது என்று கேட்டேன்.

"போன ஆகஸ்ட்டுல. விடிஞ்சதும் இங்க வந்தேம்லா."

"அன்னைக்கே எங்கிட்ட ஏன்ட்டி சொல்லல?"

கத்தரிக்கோல் நின்றது. "சொன்னேம்ப்பா" என்றாள்.

சொன்னாள். எனக்கு ஞாபகம் இருக்கிறது. இப்போது மட்டுமில்லை, எப்போதும் இருந்தது. "அவர் கை நீட்டுதாருப்பா" என்றாள். ஆம்பளை கோபக்காரனாக இருந்தால் அப்படி இப்படித்தான் இருக்கும், நீ அனுசரிச்சுப் போ என்றேன். பஸ்ஸில் ஜன்னல் சீட் பிடித்துக் கொடுத்தேன்.

போன வருஷ டைரியை எடுத்துப் பார்த்தேன். ஆகஸ்ட் 17, சனி. 'கோமதி வந்தாள். மாலை ஐந்தரை பஸ்ஸில் அனுப்பினேன்.' அதற்குக் கீழே மாடித் தொட்டியில் மிதவை ஒழுகியது, அதைக் கழற்றியது, வாஷர் மாற்றியது, பழைய வாஷர் எந்தக் கம்பெனி என்பதுவரை எட்டு வரி எழுதியிருக்கிறேன்.

நான் ஒரு மடையன். மடையன் என்பதுகூட எனக்கு நான் காட்டும் சலுகை.

ஜூன் 5, வியாழன்

குழாயில் ஓட்டை போட்டேன். அரை நிமிஷ வேலை.

ஜூன் 8, ஞாயிறு

பத்து மணிக்கு வந்தார்கள். அத்தான், மாப்பிள்ளை, கூடவே ஓர் அட்டைப்பெட்டி. மாப்பிள்ளை வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு. உட்காரும் முன்பே பெட்டியை என் முன்னால் வைத்து, "மாமா, ஃபில்டர். நீங்க இவ்வளவு வருத்தப்படுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா முன்னாடியே கொடுத்து அனுப்பியிருப்பேன்" என்றார். அத்தான் முகமெல்லாம் சிரிப்பு. விஷயம் முடிந்துவிட்ட மாதிரி, பகவதியிடம் பாயசம் வைத்திருக்கிறாயா என்று கேட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒரு மாதமாக நான் போட்ட சத்தமெல்லாம் ஃபில்டருக்காக. அத்தானிடம் ஃபில்டர், மாப்பிள்ளையிடம் ஃபில்டர். இந்த வீட்டின் குறை என்ன என்று அவர்கள் என்னிடம்தான் தெரிந்துகொண்டார்கள். அதைச் சரியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். ஒரு தப்பும் இல்லை அவர்கள் மேல். இத்தனை வருஷம் புகார்ப் புத்தகம் வைத்திருந்தவன், மகளுடைய புகாரைத் தப்பாக எழுதியிருக்கிறேன்.

பெட்டியைக் காலால் ஒதுக்கினேன். கத்த வேண்டும் என்று மூன்று நாளாகத் தயாராகியிருந்தேன். சத்தம் வரவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னேன்.

"அத்தான், இவரு எம்மகள அடிச்சிருக்காரு. ரெண்டு வருஷமா அடிச்சிருக்காரு. போன ஆகஸ்ட்ல அவ வந்து எங்கிட்ட சொன்னா. கேட்டுட்டு நாந்தான் பஸ் ஏத்தி விட்டேன். பெத்த தகப்பன் செய்யுத காரியமில்ல அது. இன்னொரு தடவ செய்ய மாட்டேன்."

மாப்பிள்ளை மிகவும் பொறுமையாக, குடும்பம் என்றால் சின்னச் சின்ன உரசல் இருக்கும், கோமதி கொஞ்சம் பெரிதுபடுத்திச் சொல்வாள், அவளுக்கு அந்தத் தொட்டிதான் உலகம் என்றார். நல்ல குரல். பாடப்புத்தகம் வாசிக்கிற மாதிரி. அத்தான் என்னைப் பார்த்து, இத்தனை நாள் இல்லாமல் இன்றைக்கு என்ன புதுசாக என்று இழுத்தார். பிறகு அவளிடமே கேட்டுவிடலாம் என்று, "நீ என்னம்மா சொல்லுத?" என்றார்.

கோமதி என்னைப் பார்த்தாள்.

"என்னப் பாக்காத. நீ சொல்லு" என்றேன்.

தொட்டிப் பக்கம் ஒரு கையை வைத்துக்கொண்டு நின்றாள். மாப்பிள்ளை சிரித்த முகத்தோடு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது. இரண்டு வருஷம் அவள் அதன் எதிரில் இருந்திருக்கிறாள்.

"நான் போமாட்டேன் மாமா" என்றாள்.

குரல் நடுங்கியது. ஆனால் அத்தான் மறுபடி கேட்டபோது, அதையே நடுங்காமல் சொன்னாள். யாரும் பாயசம் குடிக்கவில்லை. போகும்போது பெட்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னேன். நாளைக்கு வக்கீலைப் பார்க்க வேண்டும். பகவதி சாயங்காலம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் படித்துக்கொண்டிருந்த பேப்பரின் நடுப்பக்கத்தை எடுத்துக்கொண்டாள்.

ஜூன் 10, செவ்வாய்

வக்கீலைப் பார்த்தாயிற்று.

காலையில் எதிர்வீட்டுக்காரர் விசாரித்தார். இந்தத் தடவை அவருக்கு விளக்கமாகவே பதில் சொன்னேன். மாப்பிள்ளையை எப்படிக் கேட்டேன், அவன் எப்படி வாயடைத்துப் போனான், எப்படிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினான் என்று வாசலில் நின்று கொஞ்சம் சத்தமாகவே. என் மகளை நான் மீட்டுக்கொண்டு வந்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

உள்ளே வந்தால் கோமதி ஹால் நடுவில் நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"யாரு மீட்டது?" என்றாள்.

நான் ஏதோ சொல்ல வாயைத் திறந்தேன்.

"லாரிய நான் புடிச்சேன். டிரம்ம நான் வாங்குனேன். அவரு ஆபீஸ் போன நேரத்துல நாலு ஆளக் கூப்பிட்டு, எப்ப திரும்பி வந்துருவாரோன்னு பயந்து பயந்து நான் எறக்குனேன். அத்தன மீனையும் ஒண்ணொண்ணா நான் புடிச்சேன். நீங்க என்ன செஞ்சீய? ஒரு வருஷம் கழிச்சுப் பேசுனீய. அத ஊரெல்லாம் சொல்லுதீய!"

இந்த வீட்டில் இத்தனை காலம் என் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறது. அவளுக்கு இப்படி ஒரு குரல் இருப்பதே எனக்குத் தெரியாது. தெருவுக்கே கேட்டிருக்கும். எதிர்வீட்டுக்காரர் இன்னும் வாசலில்தான் நின்றார், கேட்கட்டும் என்று கதவைக்கூட நான் சாத்தவில்லை. ஆகஸ்ட் பஸ்ஸைச் சொன்னாள். திருமணத்துக்கு முன்னால் ஒரு தரம் வேண்டாம் என்றதையும், அதை நான் காதில் வாங்காததையும் சொன்னாள். நான் மறந்துபோனது, மறந்த மாதிரி இருந்தது, எல்லாம் வந்தது. பகவதி சமையல்கட்டிலிருந்து வந்து, நடுவில் தடுக்காமல், மகளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போனாள்.

வழக்கமாக எனக்குக் கோபம் வர இதில் பாதி போதும். வரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டேன். ஒரு இடத்திலும் அவள் மன்னிப்புக் கேட்கவில்லை. ஒரு இடத்திலும் என் கையைப் பார்த்துப் பின்வாங்கவில்லை.

நடுவில் மூச்சு வாங்கக் கொல்லைப்புறம் போனாள். அந்த இடைவெளியில்தான் இதை எழுதுகிறேன். இதோ கூப்பிடுகிறாள். இன்னும் இருக்கிறதாம். போகிறேன்.